சக்குபள்ளத்தில் சிக்கிய தோட்டா

கந்தப்பனைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட துப்பாக்கிக்கு இன்ஸ்பெக்டர் ஏசுரத்தினம் அரக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார். திறந்து பார்க்கத் தெரியாத பொருளை வேறு என்னதான் செய்வது? அரக்கை உருக்கிக் கயிற்றில் சொட்டி மோதிரத்தால் அழுத்தியபோது, கொலைகாரனையே அந்த மோதிரத்தால் பிடித்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷத்து ஆடி மாதம். மழை சற்று விட்டிருந்த காலை. சக்குபள்ளத்து ஏலத் தோட்டத்தின் முதலாளி கந்தப்பன் முந்தின நாள் சாயங்காலம் ஸ்டோர் வாசலில் சுடப்பட்டுச் செத்துக் கிடந்தார். பறித்த ஏலக்காயைச் சூட்டில் காயவைக்கும் கட்டடத்துக்கு அங்கே ஸ்டோர் என்று பெயர். சுட்டவன் என்று தோட்டக் காவல்காரன் பெரியமுத்துவைப் பிடித்து, அதே வாசல் தூணில் விலங்கு மாட்டியிருந்தார்கள். எதிரே சேற்றில் அவன் பெண்சாதி முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்குள் கைதியையும் துப்பாக்கியையும் மலையிறக்கிக் கொண்டுபோவதாக ஏற்பாடு. முத்திரையோடு அந்தத் துப்பாக்கி கஜானாவுக்குள் போய்விட்டால், பிறகு கோர்ட்டில் அதை மேசைமேல் கிடத்தி வைப்பார்கள், பெரியமுத்துவைத் தூக்கில் போடுவார்கள்.

முத்துப்பேச்சி கும்பிட்ட கையோடு இன்ஸ்பெக்டரிடம் ஏதோ கேட்க வந்தாள். அவர் அரக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தாலியக் கழத்தி வச்சுக்கிட்டு அழுவுளா. பொறவு அழுறதுக்கு இப்பவே பழகிக்கோ."

கான்ஸ்டபிள் சிரித்தான். இதற்குச் சிரிக்கிறவனுக்கும் சர்க்கார் சம்பளம் கொடுக்கிறது.

இந்த லட்சணத்தைக் குடை பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றவர் துப்பறியும் ஈஸ்வரமூர்த்தி. கோபாலபுரத்துக்காரர். கோயமுத்தூர் போலீசில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர், மேலதிகாரிகளின் முட்டாள்தனத்தை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிச் சொல்லியே வேலையை இழந்தார். அட்டை கடிக்கும் மலையிலும் இஸ்திரி போட்ட கோட்டு. தோட்டத்தில் ஏலக்காய் மூட்டைகள் களவு போவதைக் கண்டுபிடிக்கச் சொல்லி அவரை வரவழைத்ததே கந்தப்பன்தான். அவர் வண்டன்மேட்டில் வண்டியை விட்டு இறங்கியபோது, வரவழைத்தவர் செத்துப்போன சேதிதான் எதிரே வந்தது.

பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டு நின்றது செபமாலையம்மாள். ஈஸ்வரமூர்த்திக்குச் சமையல்காரி, மலைப்பாதைக்கு வழிகாட்டி, துப்பறிவதில் உதவியாள். தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர் குடியிருப்பான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளிடம் இரண்டு குற்றங்கள் உண்டு என்பார் ஈஸ்வரமூர்த்தி. வாயை மூட மாட்டாள் என்பது ஒன்று. சொன்னது பெரும்பாலும் சரியாகப் போய்விடும் என்பது இன்னொன்று. முதலாவதை அவர் எப்போதோ மன்னித்துவிட்டார்.

"ஐயா, அரக்கு வாசம் நல்லா இருக்கு. துப்பாக்கிக்குக் கண்ணாலமா?" என்றாள்.

தோட்டத்து மேனேஜர் சந்தனம் தன் சாட்சியத்தை இரண்டாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். புலி வேட்டைக்காரன் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறவன். அவன் சுட்ட புலியை இதுவரை யாரும் பார்த்ததில்லை, புலியும் அவனைப் பார்த்ததில்லை. அவன் சொன்னது இதுதான். முதலாளி ஸ்டோர் வாசலில் நின்று காவல்காரனைத் திட்டினார். பெரியமுத்து துப்பாக்கியை நீட்டி ஒரே வெடி வைத்தான். குழல் வாயில் நெருப்பு வந்ததைச் சந்தனம் கண்ணால் பார்த்தான். அவன் குறுக்கே ஓடினான், பெரியமுத்து அவனையும் சுடுவதற்காக அடுத்த தோட்டாவை ஏற்றக் கைப்பிடியை இழுத்தான். கைப்பிடி அசையவில்லை. சுட்ட தோட்டாவின் காலிக்கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. கடவுள் புண்ணியத்தில் அந்த நேரத்தில் சந்தனம் பாய்ந்து பிடுங்கிவிட்டான்.

அந்தத் துப்பாக்கி மலைக்குப் புதிது. கந்தப்பன் அமெரிக்காவிலிருந்து தருவித்துக் காவலுக்கென்று பெரியமுத்துவிடம் கொடுத்தது. அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்தது இரட்டைக்குழல்தான். நடுவில் மடக்கினால் வாயைத் திறக்கும், தோட்டாவைக் கையால் போட்டுக் கையால் எடுக்கலாம். இதுவோ மடங்காது. ஒரே குழல், அதன் அடியில் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும் இன்னொரு குழல், அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் மரக் கைப்பிடி. இன்ஸ்பெக்டர் காலையில் அதை முழங்காலில் வைத்து மடக்கிப் பார்த்து முழங்காலைத்தான் கெடுத்துக்கொண்டார். பிறகு கைப்பிடியை இழுத்தார், கான்ஸ்டபிளும் இழுத்தான். அசையவில்லை. வாசலில் விளக்கு வைத்துத் தேடியும் காலிக்கூடு கிடைக்கவில்லை என்று சந்தனம் வேறு சொன்னான். அவன் சொன்னது நிரூபணமாகிவிட்டது என்று அதையும் சேர்த்து மகசரில் எழுதிக்கொண்டார்கள்.

"ஈரத்துல தோட்டா ஊதிருச்சு. இங்க அது சகஜம்" என்றான் சந்தனம். வாசலில் கூடியிருந்த அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

தலையாட்டியதில் நியாயமும் இருந்தது. ஏலமலை மழைக்குக் காகிதத் தோட்டா ஊதித்தான் போகும். ஊதினது குழலுக்குள் போகாது, போனால் வராது. அதனாலேயே அங்கே துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் தோட்டாவை ஸ்டோரில் ஏலக்காயோடு தட்டியில் பரப்பி உலர்த்துவார்கள். அந்த மலையில் வெடிச்சத்தம் கேட்டால் கூடவே ஏலக்காய் மணமும் வரும். சிக்கிக்கொண்டது என்று ஒருவன் சொன்னால் அங்கே எதிர்க்கேள்வி கிடையாது. எல்லாருக்கும் ஒரு தடவையாவது சிக்கியிருக்கிறது.

ஈஸ்வரமூர்த்தி ஒருவர்தான் தலையாட்டவில்லை. அவர் முத்துப்பேச்சியிடம் போய்க் குனிந்து, நேற்று அவள் புருஷன் தோட்டாவை எங்கிருந்து எடுத்தான் என்று கேட்டார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். சாயங்காலம் காவலுக்குக் கிளம்பும்போது ஸ்டோர் தட்டியிலிருந்து அள்ளி மடியில் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குக் கஞ்சி குடிக்க வந்தான். வயிற்றில் சுடுகிறது என்று அவள் கையில் ஒன்றைக் கொடுத்துச் சிரித்தானாம்.

சுடச்சுட எடுத்த தோட்டா எப்படி ஊதியிருக்கும் என்று ஈஸ்வரமூர்த்தி யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்ஸ்பெக்டர் அதற்கும் ஒரு அரக்கு வைத்திருப்பார்.

தூணில் நின்ற பெரியமுத்து சொன்னது இன்னும் சின்னது. ஏலக்காட்டுக்குள் காவல் சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு வெடிச்சத்தம் கேட்டது. ஏதோ ஆபத்து என்று முதலாளி பழக்கியபடி கைப்பிடியை ஒரு தடவை பின்னே இழுத்து முன்னே தள்ளிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடிவந்தான். முதலாளி விழுந்து கிடந்தார். அவர் தலையைத் தூக்கக் குனிந்தபோது மேனேஜர் பின்னாலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு கூச்சல் போட்டான். தான் சுடவே இல்லை என்றான். லயத்துச் சனங்கள் எல்லாரும் கேட்டது ஒரே வெடி.

"ஒத்த வெடி, ஒத்த துப்பாக்கி, ஒத்த பிரேதம். கணக்கு முடிஞ்சுல்லா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"முடிஞ்சுதுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "ஒரேயொரு சந்தேகமுங்க. கோர்ட்டுல ஜட்ஜி இதைத் திறந்து காட்டச் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

இன்ஸ்பெக்டரின் கை அரக்கில் நின்றது. செபமாலையம்மாள் வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு, மொழங்காலக் காட்டுவாரு, வேறென்ன, என்றாள். இந்தத் தடவையும் கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் உத்தியோகத்தை நினைத்து அடக்கிக்கொண்டான்.

ஜட்ஜ் முன்னால் அவமானப்படுவது என்ற ஒன்றைத் தவிர இன்ஸ்பெக்டர் ஏசுரத்தினத்தை அசைக்கக்கூடியது உலகத்தில் எதுவும் இல்லை. ஒரு நிரபராதி தூக்கில் தொங்குவதைப் பற்றி அவரிடம் காலை முழுக்கப் பேசியிருந்தாலும் முத்திரை உடைந்திருக்காது. இப்போது உடைந்தது. கோர்ட்டில் சொல்லவேண்டியதை இங்கேயே ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடலாம், சந்தனம் சம்பவத்தை நடித்துக் காட்டட்டும் என்று ஈஸ்வரமூர்த்தி சொன்ன யோசனை, கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டரின் சொந்த யோசனையாகிவிட்டது.

ஈஸ்வரமூர்த்தி துப்பாக்கியை வாங்கினார். கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"உள்ள காலிக்கூடு சிக்கியிருக்குது. அப்படித்தானுங்களே?"

"அதான் எழுதியாச்சே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சத்தியமா அதுதானுங்களா, மேனேஜர்?"

சந்தனம் சத்தியம் என்றான்.

ஈஸ்வரமூர்த்தி பெரியமுத்து நின்ற இடத்தில் போய் நின்றுகொண்டு துப்பாக்கியைத் தூக்கினார். பார்க்கிறவர்களுக்கு அது சும்மா நடிப்பு. குழல் முதலில் கான்ஸ்டபிள் பக்கம் திரும்பியது. அவன் பீடி தேடிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பியது. அவர் மீசையை நீவிக்கொண்டார், வேடிக்கை பார்க்க வந்தவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். செபமாலையம்மாள் பக்கம் திரும்பியது. அவள் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டாள். எல்லாரும் ஒரு காலிக்கூட்டின் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார்கள், பயப்பட என்ன இருக்கிறது?

பிறகு குழல் சந்தனத்தின் நெஞ்சுக்கு நேரே வந்தது.

"இப்படித்தான நீட்டுனான்? இப்படித்தான விசையைத் தொட்டான்?"

சந்தனத்தின் முகம் அரிசி மாவாக வெளுத்தது. ஒரு அடி பின்னால் வைத்தான், இன்னொரு அடி. குழலும் கூடவே வந்தது. புலி வேட்டைக்காரன் குறுக்கே பாய்ந்து ஏலக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் விழுந்தான்.

"அழுத்திராத, உள்ள தோட்டா கெடக்கு!"

அவன் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் இன்ஸ்பெக்டருக்கு இன்னும் விழவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் முக்கியச் சாட்சி, பொம்பளைகள் முன்னால், சுட்டுத் தீர்ந்த கூட்டுக்குப் பயந்து மூட்டைக்குப் பின்னால் கிடக்கிறான் என்பதுதான். கேஸுக்கே கேவலம். அவர் ஈஸ்வரமூர்த்தி கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கினார். பறிகொடுத்தவர் தடுக்கவில்லை, மலைப்பக்கமா நீட்டிக்கோங்க என்று மட்டும் சொன்னார். இன்ஸ்பெக்டர் ஒற்றைக்கையால் அதை எதிர்மலைக்கு நீட்டி, இதுக்காவே பயப்படுதீரு என்று சிரித்துக்கொண்டே விசையை அழுத்தினார்.

வெடி கிளம்பியது. எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது. புகை விலகியபோது இன்ஸ்பெக்டர் ஏசுரத்தினம் தொப்பி ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாகச் சேற்றில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கத் தோன்றாமல் கையிலிருந்த இரும்பையே பார்த்தார்.

செபமாலையம்மாள் துணியை உதறிக்கொண்டு வந்தாள். "ஐயா, எம்மேலயும் நீட்டுனீகளே."

"விரல் விசையில இல்லீங்க, அம்மணி."

"அத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா கொட்டாவி விட்டிருப்பீங்களா?"

ஈஸ்வரமூர்த்தி துப்பாக்கியை எடுத்துக்கொண்டார். காலையிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் மல்லுக்கட்டியும் அசையாத கைப்பிடியை இரண்டு விரலால் பின்னே இழுத்தார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வந்தது. உள்ளிருந்து காலிக்கூடு ஒன்று துள்ளி இன்ஸ்பெக்டர் மடியில் விழுந்தது. புகை நாற்றத்தோடு ஏலக்காய் மணம்.

"சுட்ட துப்பாக்கின்னா கைப்பிடி இப்படித் தானா வருமுங்க. சுடாததுதான் வராது."

பிறகு அவர் விளக்கினார், குழந்தைக்குச் சோறு பிசைந்து கொடுக்கிற பொறுமையோடு. அந்தப் பொறுமையில் மரியாதை துளியும் இல்லை. இரட்டைக்குழலுக்குத் தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் குதிரை வெளியே இருக்கும், ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம். இதற்குக் குதிரை வயிற்றுக்குள் இருக்கிறது. கைப்பிடியைப் பின்னே இழுத்தால் குழலை அடைத்திருக்கும் இரும்புக்கட்டை பூட்டு அவிழ்ந்து பின்னே போகும். போகிற போக்கில் ஒரு கொக்கி உள்ளே இருக்கும் கூட்டைக் கவ்வி இழுத்து வெளியே எறியும், குதிரையும் அதே இழுப்பில் ஏறிக்கொள்ளும். அடிக்குழலில் படுத்திருக்கும் தோட்டா ஒன்று நகர்ந்து ஒரு தகட்டின்மேல் வந்து உட்காரும். முன்னே தள்ளினால் தகடு அதை மேலே தூக்கும், கட்டை அதைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு கைப்பிடி அசையாது. அசைந்தால் சுடும்போது கட்டை கண்டபடி திறந்துவிடும் என்பதற்காகச் செய்தவனே வைத்த பூட்டு. விசையை அழுத்திச் சுட்டால் அந்தப் பூட்டு விடும். சுடாமலே திறக்கவேண்டுமானால் விசைக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது.

சொல்லிக்கொண்டே கைப்பிடியை முன்னே தள்ளினார். அடுத்த தோட்டா உள்ளே போன சத்தம் கேட்டது. குழலை மலைப்பக்கமே வைத்துக்கொண்டு, விசையில் கை வைக்காமல் இழுத்துப் பாருங்கள் என்றார். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தபடியே கைப்பிடியை இழுத்தார். அசையவில்லை. காலையில் இருந்ததும் இதே அசையாமைதான் என்பது, பாவம், அவருக்கே புரிந்தது. ஈஸ்வரமூர்த்தி பொத்தானை அழுத்தி மிச்சத் தோட்டாக்களை ஒன்றொன்றாக வெளியே தள்ளிவிட்டுத் துப்பாக்கியைத் தூணில் சாய்த்தார்.

சந்தனம் மூட்டைக்குப் பின்னாலிருந்து எழுந்தான். சுட்டுவிட்டுப் பெரியமுத்து ஒரு தடவை இழுத்திருப்பான், அதனால் புதுத் தோட்டா ஏறியிருக்கும், தான் பதற்றத்தில் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஆரம்பித்தான்.

"அப்ப நேத்துச் சுட்ட காலிக்கூடு எங்க?" என்றாள் செபமாலையம்மாள். "வாசல்ல வெளக்கு வச்சுத் தேடியும் இல்லைன்னு நீயும் சொன்ன, இவரும் எழுதுனாரு. எங்காளு அதையும் கஞ்சியில போட்டுக் குடிச்சிட்டானோ?"

ஈஸ்வரமூர்த்தி சந்தனத்தைப் பார்க்கக்கூட இல்லை, இன்ஸ்பெக்டரிடம்தான் பேசினார். இந்தத் துப்பாக்கி நேற்றுச் சுடவில்லை என்பது நேற்று ஒரே ஆளுக்குத்தான் தெரியும். கைதியை விட்டுவிட்டால், சுட்டவன்தான் அந்த ஆள். பிடுங்கின பிறகு சந்தனம் கைப்பிடியை இழுத்துப் பார்த்தான், வரவில்லை. வந்திருந்தால் உள்ளே இருந்த நல்ல தோட்டாவை எடுத்து ஒளித்திருப்பான். வெடிக்கவைத்துக் காலியாக்கலாம் என்றால் லயம் முழுக்க இரண்டாவது வெடியைக் கேட்கும். வேறு வழியில்லாமல் சிக்கிக்கொண்டது என்று சொன்னான். ஈரத்துக்குத் தோட்டா ஊதுகிற மலையில் அதை எல்லாரும் நம்புவார்கள் என்று தெரியும், முத்திரை வைக்கிற போலீஸ் திறந்து பார்க்காது என்பதும் தெரியும். இரண்டும் அவன் நினைத்தபடியே நடந்தது. மூட்டைக் களவைப் பிடிக்கக் கந்தப்பன் ஆள் வரவழைத்தது இவனுக்கு எப்படியோ எட்டியிருக்கிறது, ஆள் வந்து சேர்வதற்குள் காரியத்தை முடித்துவிட்டான்.

"எந்தத் துப்பாக்கி சுட்டுதுவே, அப்பம்?" என்றார் இன்ஸ்பெக்டர். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

செபமாலையம்மாள் வலது கைச் சுண்டுவிரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். நுனி முழுக்கக் கரி.

"காலையில மேனேஜர் பங்களாவுல வெந்நி கேக்கப் போனேன். செவுத்துல அவரு ரெட்டக்கொழல் தொங்குச்சு. மழை தொடங்குனதுலேர்ந்து தொடவேயில்லன்னு பெருமையா சொன்னாரு. ஒரு கொழல் கண்ணாடி மாதிரி இருக்கு. இன்னொண்ணுக்குள்ள வெரல விட்டா இந்தக் கோலம். அப்பலேர்ந்து வெரல நீட்டிக்கிட்டே நிக்கேன், என்னன்னு கேக்க ஒரு ஆளில்ல."

ஈஸ்வரமூர்த்தி அவளை ஒரு பார்வை பார்த்தார். அவரும்தான் கேட்கவில்லை. இரண்டாவது குற்றத்தை அவர் இன்றும் மன்னிக்கப் போவதில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

கான்ஸ்டபிள் சந்தனத்தின் தோளைப் பிடித்தான். அவன் திமிறவில்லை, அழுதான். முதலாளி தன்னைக் களவாணி என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருப்பார், மானம் போயிருக்கும் என்றான். மூட்டை மூட்டையாகத் திருடியபோது எங்கே வைத்திருந்தானோ அந்த மானத்தை.

விலங்கு ஒன்றுதான் இருந்தது. அது பெரியமுத்து கையில் இருந்தது. இன்ஸ்பெக்டர் சாவியைப் போட்டுத் திருகினார், துரு பிடித்த பூட்டு திறக்க மறுத்தது. செபமாலையம்மாள் ஸ்டோர் தட்டியைக் காட்டி, அதையும் அங்கிட்டு வச்சு ஒணத்தி எடுங்க என்றாள். இந்தத் தடவை கான்ஸ்டபிள் அடக்கவில்லை.

விலங்கு கழன்றதும் பெரியமுத்து மணிக்கட்டைத் தடவிக்கொண்டு நின்றான். என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. முத்துப்பேச்சி சேற்றிலிருந்து எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். காலை முழுக்க அழுதவள் இப்போது அழவில்லை. சந்தனத்தை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. தொப்பியில் ஒட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நின்றாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து அவர் மீசையைச் சரிசெய்துகொண்டார்.

"சாமி, மேனேஜரு வீட்டம்மாவுக்குச் சேதி சொல்லத்தான போறீக. எனக்குச் சொன்ன வார்த்தைய அந்தப் பிள்ளகிட்டச் சொல்லிராதீக. அது மாசமா இருக்கு."

சொல்லிவிட்டுப் புருஷனைக் கூட்டிக்கொண்டு லயத்துப் பாதையில் இறங்கினாள். இன்ஸ்பெக்டர் மீசையிலிருந்து கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.